கடைசி வரி

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள பிரவுசிங் சென்டர்களில் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் சென்டர் பையன் உட்கார்ந்திருப்பான். பக்கத்து ஸ்டூலில் அப்பா. அவருக்குப் பின்னால் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மா. பைக்குள் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ். எல்லோருக்கும் பின்னால், ஃபேன் காற்றுகூட எட்டாத மூலையில், யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தப் பெண்ணோ பையனோ நின்றுகொண்டிருப்பார்கள்.

"அடுத்து எந்தக் காலேஜ் போடட்டும் சார்?" என்பான் சென்டர் பையன்.

அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா சுவரைப் பார்ப்பார். "நீயே நல்லதாப் பாத்துப் போடுப்பா" என்பார் அப்பா. அவனும் போடுவான். பாவம், காலையிலிருந்து நாற்பது பேருக்குப் போட்டிருக்கிறான்.

பொறியியல் கவுன்சலிங் 2018-இல் இணையத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் ராத்திரி பஸ் ஏறி சென்னைக்குப் போக வேண்டும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் திரையில் காலியிடங்கள் குறைந்துகொண்டே வரும். நம் முறை வந்ததும் சில நிமிடங்களில் ஒரே ஒரு இடத்தைச் சொல்லியாக வேண்டும். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் உங்கள் இஷ்டப்படி வரிசையாக எழுதலாம். கடைசியில் பட்டியல் 'லாக்' ஆகிவிடும். (பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

அந்த வரிசையை எழுதும்போது நம் ஜனங்களைப் பிடித்து ஆட்டுகிற ஒரு பயம் உண்டு. "மேல பெரிய காலேஜைப் போட்டா கீழ இருக்கிறதும் கைவிட்டுப் போயிரும் சார்." படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தப்பு. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, அதை வைத்து எல்லோரையும் தர வரிசையில் நிறுத்துகிறார்கள். கம்ப்யூட்டர் உங்கள் பெண்ணின் முறை வரும்போது அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். முதல் வரியில் அவளுக்கான இடம் காலியா? இல்லையென்றால் இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. அவளுக்குப் பின்னால் நிற்பவர் அதற்குள் குறுக்கே புகுந்து எதையும் எடுத்துவிட முடியாது. ஆகவே, எட்டாத கல்லூரியை முதலில் எழுதுவதால் ஒரு பைசா நஷ்டமில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை இருந்த முறையில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. தன்னை முதல் விருப்பமாக எழுதியவர்களுக்குத்தான் ஒரு பள்ளி முதலில் இடம் கொடுக்கும். ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் சீட்டாடுவதுபோல் கணக்குப் பார்த்து எழுதினார்கள். விவரமில்லாதவர்கள் உண்மையை எழுதி ஏமாந்தார்கள். ஆல்வின் ராத் என்கிற பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும் எடுத்துச் சொல்ல, நகர நிர்வாகம் முறையை மாற்றியது. பின்னால் 2012-இல் ராத்துக்கு நோபல் பரிசே கிடைத்தது.

நம் கவுன்சலிங்கில் அந்தச் சூதாட்டம் கிடையாது. மனசில் உள்ளதை உள்ளபடி வரிசையாக எழுதுவதுதான் லாபம். யோசித்துப் பாருங்கள், நம் வாழ்க்கையில் உண்மையைச் சொன்னால் நஷ்டமே இல்லாத இடங்கள் எத்தனை இருக்கின்றன? கடையில் இல்லை, ஆபீஸில் இல்லை, கல்யாணப் பேச்சில் சுத்தமாக இல்லை. அபூர்வமாக ஓர் இடம் கிடைக்கிறது. அங்கேயும் நம்மால் உண்மையை எழுத முடியவில்லை. ஏன்?

எனக்குத் தெரிந்த ஒருவர் இங்கே ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறார். மகளின் கட்-ஆஃப் 171. ரிசல்ட் வந்த வாரத்திலேயே ஒரு நோட்டில் 64 வரி எழுதி என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

"இதுல எதுக்கெல்லாம் பிள்ளையை அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"கோயமுத்தூரு, மெட்ராஸ் எல்லாம் சும்மா போட்டு வச்சதுண்ணே. அம்புட்டு ஹாஸ்டல் ஃபீஸுக்கு நான் எங்க போறது?"

"அது பாப்பாவுக்குத் தெரியுமா?"

"அதுகிட்ட எப்படிண்ணே சொல்றது? படிக்கிற புள்ள. மனசு ஒடஞ்சு போயிரும்ல."

கெட்ட மனிதர் இல்லை. மகள் மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. அவருக்கு அது வெறும் பட்டியல். அவளுக்கு அதில் ஒவ்வொரு வரியும் அப்பா கொடுத்த வாக்கு. 64 வரியில் நாற்பதுக்கு மேல் அவர் காப்பாற்ற நினைக்காத வாக்கு. மனசு உடைவதை அவர் தடுக்கவில்லை, இடம் ஒதுக்கி ஆர்டர் வருகிற நாளுக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அன்றைக்குக் கையில் கிடைத்ததைப் பிடுங்கியது போலவும் இருக்கும்.

சரி, வீட்டுப் பண நிலவரத்தைப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா? கேள்வி அத்தனை சுலபம் இல்லை. சொல்லக்கூடாது என்பவர்கள் பக்கம் வலுவான காரணம் இருக்கிறது. பொறுப்பில்லாத பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை, எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. பொறுப்பான பிள்ளைதான் ஆபத்து. அப்பாவின் கஷ்டம் காதில் விழுந்த மறுநிமிடமே தன் ஆசையைத் தானே வெட்டிக்கொள்ளும். "எனக்கு அந்தக் காலேஜ் பிடிக்கலப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அப்பா சொன்ன பொய் போய், மகள் சொல்லும் பொய் வரும்.

என் அபிப்பிராயம், கணக்கைச் சொல்லலாம், கஷ்டத்தைச் சொல்லக்கூடாது. இரண்டும் ஒன்றல்ல. "வருஷத்துக்கு இவ்வளவு என்னால முடியும். இதுக்கு மேல போனா கடன் வாங்கணும். கடன்னா இவ்வளவு ஆகும்" என்பது கணக்கு. "உனக்காக நான் என்ன பாடுபடறேன் தெரியுமா" என்பது கணக்கு அல்ல, பில். முதலாவதைக் கேட்ட பிள்ளை பென்சிலை எடுக்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை தலையைக் குனியும்.

நான் பி.காம். படித்தவன், அதனால் கணக்கைக் கொஞ்சம் போட்டே காட்டிவிடுகிறேன். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 4 லட்சம் கல்விக் கடன். வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும்போதும் அதற்கப்புறம் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தனி வட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 7,100 ரூபாய். குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் இருக்கின்றன, வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை, கல்விக் கடனில் கடன்காரர் மாணவர்தான். அப்பா கூட்டுக் கடன்காரர். அதாவது அந்த 7,100 ரூபாயை 22 வயதில் தன் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்கப்போவது அவள். அவள் பேரில் வாங்குகிற கடனை அவளிடமே மறைப்பதற்குப் பாசம் என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

'முடியாது' என்று சொல்வதற்கு முன்னால் கணக்கில் சேர்க்க வேண்டிய வரவுகளும் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021-இல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதில் சேருகிறவர்களுக்கு ஹாஸ்டல் உட்பட அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் 2010-இல் வந்த கட்டணச் சலுகை இருக்கிறது. ஆனால் அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. மூத்தவன் எந்தக் காலேஜில் சேருகிறான் என்பது இளையவளின் கணக்கும்தான். இதை எந்த வீட்டில் பேசுகிறார்கள்?

தங்கை என்றதும் இன்னொன்று. "பணம் இல்லை" என்பது சில வீடுகளில் காரணமே அல்ல, திரை. அதே வீட்டில் பையனுக்குக் கோயமுத்தூர் கட்டுப்படியாகும், பெண்ணுக்கு மதுரைகூடக் கட்டுப்படியாகாது. மாசாமாசம் நகைச் சீட்டு மட்டும் தவறாமல் கட்டப்படும். வெளியூருக்கு அனுப்பப் பயம் என்றால் பயம் என்றே சொல்லலாமே. பயத்தோடு அவள் வாதாட முடியும். ஹாஸ்டலைப் போய்ப் பார்க்கலாம், சொந்தக்காரர் யார் இருக்கிறார் என்று விசாரிக்கலாம். இல்லாத பணத்தோடு யார் வாதாடுவது? இருக்கிற பணத்தை இல்லை என்று சொல்லி ஒரு பெண்ணின் வாயை அடைப்பது, பொய்களிலேயே மலிவான பொய்.

இனி பட்டியலின் அடிப்பக்கம். ஒரு நல்ல பட்டியலில் எட்டிப் பிடிக்க வேண்டியது கொஞ்சம், கைக்கு எட்டுவது நிறைய, நிச்சயம் கிடைக்கும் என்பது ஒன்றிரண்டு இருக்க வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் ஆர்வமாக எழுதுகிறார்கள். கடைசியை சென்டர் பையன் நிரப்புகிறான், பேர் கேள்விப்படாத, பஸ் போகாத கல்லூரிகளை வைத்து. ஒரு வரிகூட மேலே கிடைக்கவில்லை என்றால் பிள்ளை போய் உட்காரப்போகும் வகுப்பு அது. நாலு வருஷம் அங்கே காலையில் எழுந்து போக அவளுக்கு மனசு வருமா என்று கேட்டல்லவா அதை எழுத வேண்டும்?

கடைசி வரி பொறியியலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஊரிலேயே 1964-இலிருந்து ஜி.டி.என். கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு எம்.வி.எம். அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் ஒரு பிளேட் திண்டுக்கல் பிரியாணி விலைகூட ஆகாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல். "எஞ்சினியரிங் கிடைக்கலையா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்பார் என்பதற்காக மூன்று நான்கு லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த அத்தை தவணை கட்ட வரமாட்டார்.

ஒரே ஒரு சிக்கல். அரசு கலைக் கல்லூரிகளுக்கு மே மாதமே விண்ணப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். பொறியியல் விருப்பப் பட்டியல் ஜூலையில். அதாவது கடைசி வரியைத்தான் முதலில் எழுத வேண்டும், ஆசையெல்லாம் முழுசாக இருக்கும்போதே. எந்த வீட்டிலும் அதற்கு மனசு வராது. "இப்பவே ஏன் அபசகுனமா பேசறீங்க" என்பார்கள்.

தோல் ஷாப்பு நண்பர் பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். நோட்டில் 64 வரி 19 ஆகியிருந்தது. கோவைக் கல்லூரிகள் இரண்டு இன்னும் உச்சியில் இருந்தன. பக்கத்தில் பென்சிலில் ஹாஸ்டல் கட்டணமும் கடன் தவணையும் மகள் கையெழுத்தில். பின்பக்கம் தனியாக ஒரு வரி: எம்.வி.எம்., பி.எஸ்ஸி. கணிதம்.

"இது நீங்க எழுதுனதா?" என்றேன்.

"இல்லண்ணே. அதுவா எழுதி, அதுவா அப்ளை பண்ணிருச்சு. ஏன்த்தா இது பிடிச்சுத்தான் போட்டியா, இல்ல எனக்காகப் போட்டியான்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"யோசிச்சுச் சொல்றேன்ப்பான்னுச்சு. ரெண்டு நாளாச்சு. கேட்டுக்கிட்டே இருக்கேன்."