அயலான் சுவாசிக்கும் காற்று



சர்வேசுரன் ஆதிப் பிதாவை மண்ணால் உண்டாக்கி, அவருடைய நாசியில் ஜீவ சுவாசத்தை ஊதினார் என்று வேதாகமத்தில் வாசிக்கிறோம். ஆகையால் மூச்சு நம்முடைய சொத்தல்ல, சர்வேசுரனுடைய தானம். நம் மூச்சு எப்படியோ, அயலான் மூச்சும் அப்படியே.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள், "என் உடம்பு, என் காசு, கெட்டால் நான்தானே கெடுகிறேன்" என்று சொல்வதுண்டு. இது சரியல்ல. 1981-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ஹிராயாமா என்பவர், புகை பிடிக்காத 90,000-க்கு மேற்பட்ட மனைவிமாரைப் பல வருஷம் ஆராய்ந்து, மிகுதியாய்ப் புகைக்கும் கணவரோடு வாழ்ந்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் அதிகமாய் இறந்தார்கள் என்று காட்டினார். பிறர் விட்ட புகையால் உலகில் வருஷந்தோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இழைப்பும், நிமோனியாவும், காது நோயும் இதனால் வருகின்றன.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கக் கட்டளையிட்டது. 2003-ல் பார்லிமெண்டு சட்டம் செய்து, 200 ரூபாய் வரை அபராதம் வைத்தது. 2008 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தியன்று, இன்னும் கண்டிப்பான விதிகள் அமுலுக்கு வந்தன. ஆவடி ரயில் நிலையமும், பூவிருந்தவல்லி பஸ் நிலையமும், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளும் இதில் அடங்கும்.

ஆனால் சட்டம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே தகப்பனுடைய மனச்சாட்சிதான் காவல். பட்டறையில் எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டவன், சாயந்தரம் ஒற்றை அறை வீட்டில், தொட்டிலின் அருகே பற்றவைத்தால் என்ன பிரயோசனம்? முதலாளியின் கூடத்துக்குக் காட்டும் மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டலாகாதா? ஜன்னலைத் திறந்தாலும் விசிறியைப் போட்டாலும் விஷம் முழுதும் போவதில்லை. குழந்தையோ எழுந்து வெளியே போக முடியாது.

ஐந்தாம் கற்பனை கத்தியை மாத்திரம் விலக்கவில்லை. பிறர் சுகத்துக்குச் செய்யும் கேட்டையும் விலக்குகிறது. தாம் உண்ணும் இறைச்சி சகோதரனுக்கு இடறலானால் அதைத் தொடுவதில்லை என்று அர்ச். சின்னப்பர் தீர்மானித்தார். நல்ல உணவையே அவர் விடத் துணிந்தார் என்றால், நஞ்சை விட நாம் தயங்குவானேன்?

ஆகவே, இந்த வாரமே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தீர்மானம் செய்யுங்கள்: ஜெபமாலை சொல்லும் கூரையின் கீழ் புகை வேண்டாம். விருந்தாளிக்கும் இதே முறை. பழக்கம் விடாமல் பிடிக்கிறதா? அது பலமான கட்டுதான். வெட்கப்படாமல் வைத்தியரை நாடுங்கள். 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசியிலும் உதவி உண்டு. மனைவிமாரே, கோபமாயல்ல, சாந்தமாய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் மாத்திரம் இருக்காதீர்கள்.

அர்ச். சூசையப்பர் திவ்விய பாலனைக் காப்பாற்ற இரவோடிரவாக எஜிப்து தேசத்துக்குப் புறப்பட்டார். நம்மிடம் கேட்கப்படுவது அவ்வளவு தூரமல்ல. அவருடைய மன்றாட்டால் நம் தகப்பன்மார் யாவரும் அந்தத் திடனை அடைவார்களாக. ஆமென்.