இடுக்கணும் ஆறுதலும்: ஆரோக்கியவரம் உணர்த்தும் கிறித்தவ அறநோக்கு

துன்பக் காலத்தில் சமய நம்பிக்கை தரும் ஆறுதல் உண்மையான வலிமையா, வலியை மறக்கச் செய்யும் மயக்கமா என்பது அறவியலில் நெடுங்காலமாக எழுப்பப்படும் வினா. திருக்குறளின் 'இடுக்கண் அழியாமை' அதிகாரம் துன்புறுவோரின் மனத்திண்மையையே துணையாகக் காட்டுகிறது. விவிலியத்தின் யோபு நூல் இதனை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாது அவரருகே அமர்ந்திருந்தனர், அதுவரை ஆறுதலாயினர். அவர் செய்த பாவமே துன்பத்திற்குக் காரணம் என விளக்கத் தொடங்கியதும் சுமையாயினர். ஆறுதல் என்பது விளக்கமன்று, உடனிருத்தலே என்பது இதனால் பெறப்படும்.

இக்கருத்து செயல்வடிவம் பெற்றமைக்கு, அன்றைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்திருந்த ஆரோக்கியவரம் சான்றாகும். கிறித்தவ அருட்பணி அமைப்புகள் பல இணைந்து நடத்திய காசநோய் மருத்துவமனை 1915இல் அங்கு இயங்கத் தொடங்கியது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறித்தியன் பிரிமோட் மோலர் அதற்குத் தலைமை ஏற்றார். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டதோ 1943இல்தான். அதற்கு முன் தூய காற்று, ஓய்வு, நல்லுணவு, பராமரிப்பு ஆகியனவே பெரும்பாலும் மருத்துவமாக அமைந்தன. குணமாகும் என உறுதி கூற இயலாத அந்நிலையிலும், பிறர் அஞ்சி விலகிய நோயாளிகளுக்கு அங்கு இடமிருந்தது.

நம்பிக்கை நோயை நீக்கிவிடும் என உரைப்பது பொய்யாறுதல். இறந்தோரின் நம்பிக்கை குறையுடையது என்னும் கொடிய முடிவுக்கும் அது இட்டுச்செல்லும். இறைவன் உடனிருக்கிறான் என்னும் நம்பிக்கை மனிதரை மனிதருடன் இருக்கச் செய்யுமாயின் அதுவே வலிமை. வள்ளுவர் வற்புறுத்தும் மனத்திண்மைக்கு அது முரணன்று. தனித்து நிற்க இயலாதவர்க்கும் அத்திண்மை கிட்டும் வழியே எனலாம்.