ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் சம்பள வேலையைத் தொடர்வதா, வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வி எல்லாப் பெண்களுக்கும் ஒரே காலத்தில் வந்ததில்லை. நாற்று நட்டவர்களுக்கும் களை எடுத்தவர்களுக்கும் அது கேள்வியாகவே இருந்ததில்லை. வரப்போரத்து மரக்கிளையில் பழஞ்சேலையால் தூளி கட்டி, மூத்த பிள்ளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு வயலில் இறங்கினார்கள். குழந்தை அழுதால் கரையேறி வந்து பால் கொடுத்தார்கள். கூலி வராத நாளில் உலை ஏறாது என்பதால் யோசிக்க அங்கே இடமில்லை. இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தையைப் பிள்ளை மடுவம் எனப்படும் தோட்டக் காப்பகத்தில் விட்டுச் செல்வது நெடுநாள் வழக்கம். தோட்டத்துக்குப் பெண்களின் கை தேவைப்பட்டது, ஆகவே பிள்ளைக்கு ஓர் இடமும் தேவைப்பட்டது. இந்தியாவிலும் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் கூடுதலாக வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தன.

வேலையிடமும் வீடும் தொலைவாகப் பிரிந்த பிறகே இது குடும்பங்களில் பேசப்படும் கேள்வியானது. ஆசிரியையாக, செவிலியராக, வங்கி ஊழியராகப் பெண்கள் பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்பத் தொடங்கியபோது, வீட்டில் மாமியாரோ நாத்தனாரோ இருந்தார்கள். கேள்வி எழுந்தது, ஆனால் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் தம்பதி, இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கேள்வி அப்படியே இருக்க, பதில் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

சட்டம் இந்தக் கேள்வியைச் சில மாதங்கள் தள்ளிப்போடுகிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தந்தது. 2017-இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு இது 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் ஓராண்டாகவும் ஆனது. தனியார் நிறுவனத்தில் விடுப்புச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில் விழுகிறது. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டு வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு மட்டும் அந்தக் காப்பீட்டு நிதியிலிருந்து வருகிறது. இளம் மனைவியரை வேலைக்கு எடுக்கச் சில நிறுவனங்கள் தயங்குவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. சட்டத்தின் வெளியே நிற்கும் ஏழைப் பெண்களுக்கு, 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் உண்டு. இப்போது அதன் தொகை 18,000 ரூபாய். கர்ப்ப காலத்தில் இழக்கும் கூலியை ஓரளவு ஈடுகட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

26 வாரம் என்பது ஏறத்தாழ ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் காலமும் அதுவே. எனவே சட்டம் ஒரு நல்ல இடத்தில்தான் நிற்கிறது. அரசின் அடுத்த கை நீளுவது அங்கன்வாடியில். பலர் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அந்த மையங்களில், தமிழ்நாட்டில் குழந்தை போய் உட்கார்ந்து சாப்பிட்டு விளையாடுவது இரண்டு வயதுக்குப் பிறகு. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு இருக்கிறது. குழந்தை தவழ்ந்து, எழுந்து, விழுந்து, கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் காலம் அது. ஒரு நிமிடம் கண்ணை எடுக்க முடியாத இந்தக் காலத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. வேலையை விடும் முடிவுகள் பல இந்த இடைவெளியில்தான் எடுக்கப்படுகின்றன. அதைத் தாயின் விருப்பம் என்று எழுதிக்கொள்வது வசதியாக இருக்கிறது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் க்ரெஷ் எனும் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. சொன்னதைச் செய்த நிறுவனங்களிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தாம்பரத்தில் குடியிருப்பவர் சோழிங்கநல்லூர் அலுவலகத்து க்ரெஷில் விட, எட்டு மாதக் குழந்தையைத் தினமும் இரு வேளையும் நெரிசலில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்து டே கேரில் விட்டால் பயணம் மிச்சம், ஆனால் மாலையில் அது மூடும் நேரத்துக்குள் வந்துசேர வேண்டும். மழை பெய்தால், மீட்டிங் நீண்டால், யார் கூப்பிட்டு வருவது? வேலை நேரத்தைக் காட்டிலும் இந்த அரை மணி நேரமே பல பெண்களைப் ‘பேப்பர் போட’ வைத்திருக்கிறது.

இந்த இடைவெளியைப் பெரும்பாலான வீடுகளில் நிரப்புகிறவர் பாட்டி. திருச்சியிலோ தஞ்சாவூரிலோ தன் வீடு, கோயில், பக்கத்து வீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மூன்றாவது மாடி அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்கிறார். தாத்தா பல சமயம் ஊரிலேயே தங்கி ஹோட்டல் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறார். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களில் சம்பந்திகள் முறை வைத்துக்கொண்டு, அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம் என்று பார்வையாளர் விசாவில் பறக்கிறார்கள். திருப்பூருக்குப் பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பங்களில் திசை மாறுகிறது. அங்கே பாட்டி வருவதில்லை, குழந்தை பாட்டியிடம் போகிறது. பெற்றோர் விடுமுறைக்குப் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

பாட்டியின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. முழங்கால் வலியோடு ஒரு வயதுக் குழந்தையின் பின்னால் ஓடுவது எளிதான வேலையல்ல. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்த பிறகு இன்னொரு முறை தொடங்கச் சொன்னால், சிலர் மனமாரச் செய்கிறார்கள், சிலர் சொல்ல முடியாமல் செய்கிறார்கள். ‘எங்களால் முடியாது’ என்று சொல்லிவிடும் பாட்டியை உறவுகள் குறையாகப் பேசுவது அநியாயம். ஒரு பெண் வேலையைத் தொடர்வதற்காக அறுபதைக் கடந்த இன்னொரு பெண் சம்பளமில்லாமல் வேலைக்குச் சேர்கிறாள். தாய் வேலைக்குப் போவதா என்று விவாதிக்கும் வீடு, பாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்பது அபூர்வம்.

பாட்டி இல்லாத வீட்டில் கணக்கு தொடங்குகிறது. தாயின் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காப்பகத்துக்கு 10,000, ஆட்டோவுக்கும் போக்குவரத்துக்கும் 5,000, சமையலுக்கு ஆள் வைத்தால் 4,000. மிஞ்சுவது 11,000. ‘இதற்காகவா குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும்’ என்று வீடு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கூட்டல் கழித்தலில் பிழையில்லை, கழிக்கும் இடத்தில் பிழை இருக்கிறது. குழந்தை இருவருக்கும் பிறந்தது, காப்பகக் கட்டணம் மட்டும் தாயின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகிறது. தகப்பனின் 50,000 ரூபாயையும் சேர்த்து 80,000-இல் கழித்திருந்தால், அது வாடகை போல, கரண்டு பில் போல ஒரு குடும்பச் செலவாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு பிழை காலம் பற்றியது. செலவு மூன்று நான்கு ஆண்டில் தீர்ந்துவிடும். வேலையை விட்டதன் இழப்பு அப்படித் தீராது. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும், தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு வேண்டும். நான்காம் ஆண்டில் விடுகிறவர் இரண்டையும் இழக்கிறார். ஊதிய உயர்வுகளும் பதவி உயர்வுகளும் நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்குவதில்லை, பின்னுக்குப் போய்த்தான் தொடங்குகின்றன. டென்மார்க்கின் வருவாய்ப் பதிவுகளை வைத்து ஹென்ரிக் கிளெவென் முதலான பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்துக்கு ஏறத்தாழ 20 சதவீதம் தாழ்ந்தே இருந்தது. தகப்பன்மாரின் வருமானக் கோட்டில் குழந்தை பிறந்ததற்கான தடயமே இல்லை. காப்பகமும் நீண்ட விடுப்பும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்குச் சொல்லும் காரணம் தமிழ்நாட்டு ஐ.டி. குடும்பங்களுக்கு உடனே புரியும். இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பையும் எடுக்கத் தயாராக இருப்பவருக்குச் சம்பளம் பன்மடங்கு கூடுகிறது. இருவரும் அப்படி இருந்தால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒருவர் பெருஞ்சம்பள வேலையை எடுத்துக்கொள்ள, மற்றவர் நேரம் வளையும் வேலைக்கு நகர்கிறார், அல்லது விலகுகிறார். அந்த மற்றவர் யார் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

பணத்தை ஒதுக்கிவிட்டுக் குழந்தையின் பக்கம் பார்த்தால், பயமுறுத்துகிறவர்கள் சொல்லும் அளவுக்கு எதுவும் தீர்மானமாக இல்லை. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, பத்து இடங்களில் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. தாய் மட்டுமே வளர்த்தாரா, காப்பகத்திலும் வளர்ந்ததா என்பதைவிட, வீட்டுச் சூழலும் தாய் குழந்தையின் குறிப்பறிந்து நடந்துகொள்வதுமே வளர்ச்சியை அதிகம் தீர்மானித்தன. காப்பகம் தரமாக இருந்தால் பேச்சும் அறிவும் சற்றே மேம்பட்டன. மிக நீண்ட நேரம் காப்பகத்தில் இருந்தவர்களிடம் முரட்டுத்தனம் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு பக்கத்திலும் ‘சற்றே’ என்பதை மறக்கக் கூடாது. அந்த ஆய்வை அப்படியே இங்கே பொருத்திவிடவும் முடியாது. ஓர் ஆயா எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறார், ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா, குழந்தையை நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைக்கிறார்களா என்பதையெல்லாம் போய் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் ஒட்டிய மிக்கி மவுஸ் படங்கள் எதையும் சொல்வதில்லை.

வீட்டில் இருப்பதை மனமார விரும்பும் பெண்கள் உண்டு. முதல் சொல்லையும் முதல் அடியையும் ஆயாவின் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்குச் சம்மதமில்லை. இந்த விருப்பத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது, வேலைக்குப் போகிறவளைக் கல்நெஞ்சக்காரி என்பதைப் போலவே அடாவடி. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: சம்பளம் நின்றதும் வீட்டில் சொல்லும் எடை குறைந்துவிடுகிறது. தன் அம்மாவுக்கு ஒரு புடவை எடுக்கவும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு என்பதை அரசும் நீதிமன்றமும் மெல்ல ஒத்துக்கொள்ளத் தொடங்கியுள்ளன. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு, மனைவி வீட்டைக் கவனித்ததால்தான் கணவனால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவன் பெயரில் வாங்கிய சொத்தில் அவளுக்கும் பங்கு உண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. தொகை சிறிது, ஆனாலும் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருவது என்பதால் அதன் கனம் வேறு. நடுத்தர வீடுகளில் இதைச் செய்ய அரசு வேண்டாம். வேலையை விடும் மாதத்திலிருந்தே கணவன் சம்பளத்தில் ஒரு பங்கு மனைவியின் கணக்குக்குத் தானாகப் போக ஏற்பாடு செய்தால், கேட்டு வாங்கும் நிலை வராது.

வேலையைத் தொடர்கிறவளுக்கு வீட்டு வேலை குறைவதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2020-க்குப் பிறகு பரவிய வீட்டிலிருந்து வேலை இதைத் தீர்க்கும் என்று நம்பியவர்கள் உண்டு. ஒரு வயதுக் குழந்தை கீபோர்டில் ஏறி உட்கார்ந்த அன்றே பலருக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. பகுதி நேர வேலை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். முறையான சம்பளத்தோடும் வருங்கால வைப்பு நிதியோடும் கூடிய பகுதி நேர வேலை இங்கே அரிது. ட்யூஷனும் தையலும் இன்சூரன்ஸ் ஏஜென்சியும்தான் அந்த இடத்தில் நிற்கின்றன.

தகப்பனைக் கணக்கில் சேர்த்த நாடுகளில் சிறிது மாற்றம் வந்திருக்கிறது. நார்வே 1993-இல், பெற்றோர் விடுப்பில் ஒரு பகுதியைத் தகப்பன் எடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் போய்விடும் என்று விதித்தது. ஸ்வீடன் 1995-இல் அதைப் பின்பற்றியது. விருப்பம் என்று விட்டபோது எடுக்காத ஆண்கள், வீணாகிவிடும் என்றபோது எடுத்தார்கள். இந்தியாவில் மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை.

வேலையை விடுவதிலும் வகைகள் உண்டு. சம்பளமில்லா விடுப்பு எடுத்தவருக்குத் திரும்பிப் போக ஒரு நாற்காலி இருக்கிறது. ராஜினாமா செய்தவர் புதிதாகத் தட்ட வேண்டும். இரண்டு ஆண்டு இடைவெளியை நேர்முகத் தேர்வில் விளக்கிவிடலாம், ஏழு ஆண்டை விளக்குவது கடினம். பிள்ளை எல்.கே.ஜி. போனதும் திரும்பிவிடலாம் என்று திட்டமிட்டவர்கள், பள்ளி மதியமே விட்டுவிடும் என்பதை அப்போதுதான் கவனிக்கிறார்கள். பிறகு முதல் வகுப்பு, பிறகு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு என்று கேள்வி வயதுக்கேற்ப உருமாறிக்கொண்டே போகிறது. மத்திய அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2008-இல் கொண்டுவந்த 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை, பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் வரை எப்போது வேண்டுமானாலும் பகுதி பகுதியாக எடுக்கலாம் என்று வைத்திருப்பது இதை அறிந்துதான்.