பரம்பரை நோயா, பாவமா? கீதை சொல்லும் ஐந்து காரணங்கள்



ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் தம்போய் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. 1937-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்று பெர்மாய் மருத்துவமனை என்ற பெயரில் அங்கேதான் இயங்குகிறது. பெர்மாய் என்ற மலாய்ச் சொல்லுக்கு அழகு, இனிமை என்று பொருள். ஆனால் நம் வாயில் அந்த ஊர்ப்பெயர் கேலியாகத்தான் வருகிறது. "இவனைத் தம்போய்க்கு அனுப்பணும்டா" என்று சிரிக்கிறோம். அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் சிரிக்காமல் நின்றால், அவன் வீட்டில் யாரோ அங்கே மருந்து வாங்கிக்கொண்டிருக்கலாம். அதை அவன் நம்மிடம் சொல்லவே மாட்டான்.

அப்படிப்பட்ட வீட்டைப் பற்றி நம்மவர்கள் என்ன பேசுகிறார்கள்? "பரம்பரை வியாதி, அவங்க தாத்தாவுக்கும் இருந்துச்சு" என்பார்கள். "போன ஜென்மத்துப் பாவம்" என்பார்கள். "யாரோ செய்வினை வெச்சிட்டாங்க, நல்ல ஆளாப் பார்த்து எடுக்கணும்" என்பார்கள். மூன்றும் வேறு வேறு பேச்சு மாதிரி தெரிந்தாலும், மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான். காரணம் எங்கேயோ இருக்கிறது, நமக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கீதை அப்படி ஒற்றைக் காரணத்தோடு நிற்கவில்லை. பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன், எந்தச் செயலும் நடக்க ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறார்: இருப்பிடமாகிய உடம்பு, செய்கிறவன், கருவிகள், பலவகையான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். இவ்வளவும் சேர்ந்திருக்க, தன்னை மட்டுமே செய்கிறவனாகப் பார்ப்பவனுக்குப் பார்வை சரியில்லை என்றும் அடுத்துச் சொல்கிறார். கீதை இங்கே செயலைப் பற்றிப் பேசுகிறது, நோயைப் பற்றி அல்ல. ஆனாலும் இந்தப் பாடத்தை மனநோய்க்கு வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

மனச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். இல்லாத குரல் காதில் கேட்கும், எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். நம் ஊரில் "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லப்படுவதில் பல இந்த நோய்தான். இது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வருகிறது. தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 10. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அப்படிப்பட்ட நூறு பிள்ளைகளில் சுமார் 90 பேருக்கு அந்த நோய் வருவதில்லை. ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான ஜோடிகளில்தான். மரபணுவே தலையெழுத்து என்றால் இரண்டு பேருக்கும் வந்திருக்க வேண்டுமே?

மீதிப் பங்கு எங்கிருந்து வருகிறது? பின்லாந்தில் தியனாரி என்ற மருத்துவரின் குழு, இந்த நோய் உள்ள தாய்மார்கள் தத்துக் கொடுத்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்தது. சண்டையும் குழப்பமும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நோய் அதிகமாக வந்தது. அமைதியான வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குறைவாகவே வந்தது. பரம்பரைத் தொடர்பு இல்லாத பிள்ளைகளிடம் வீட்டுச் சூழல் அந்த அளவு வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஒரு பாலத்தைத் தாங்குவது இரும்பின் தரம் மட்டுமல்ல, அதன்மேல் ஏறும் பாரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறோம். மனசும் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு "அப்போ அம்மா வளர்ப்பு சரியில்லை" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சூழல் என்றால் தாய் மட்டும் அல்ல. கருவிலும் பிரசவத்திலும் ஏற்படும் சிக்கல், பள்ளியில் அனுபவித்த கொடுமை, ஊர்விட்டு ஊர் பெயர்ந்த தனிமை, இளம் வயதில் கஞ்சா, எல்லாமே அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதைத் தம்பிமார்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "அது வெறும் இலைதானே" என்று கொடுக்கிறவனுக்கு உங்கள் குடும்ப வரலாறு தெரியாது.

சரி, கர்மம் பொய்யா? இல்லை. நம் சமயம் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரப்தம், இன்று நாம் புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். நோயாளியைப் பார்த்ததும் நாம் அவருடைய பிராரப்தத்துக்குக் கணக்கெழுத உட்கார்ந்துவிடுகிறோம். அந்தக் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது நம்முடைய ஆகாமியம் ஒன்றுதான். அவரைக் கேலி செய்தால் அதுவும் எழுதப்படுகிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்தால் அதுவும் எழுதப்படுகிறது.

குருக்ஷேத்திரத்தில் அர்ச்சுனனுக்கு உடம்பு நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீவம் கைநழுவியது. அது நோய் என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணன் என்ன செய்தார் என்பதைத்தான் பாருங்கள். முதலில் கொஞ்சம் கடிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் "இது உன் பாவம்" என்று சொல்லித் தேரைவிட்டு இறங்கிப் போகவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடியே, அவன் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு கடைசிவரை கூடவே இருந்தார்.

கோயிலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இருக்கும் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்.  தினசரி பூஜை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இடத்தைக் கூட்டுவது, கூடவே சொந்தக்காரர் ஒருவர். சில வாரங்களில் நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், அதனால் மருந்து வேண்டாம் என்று அர்த்தமில்லை. அன்பான இடம் என்ன செய்யும் என்பதற்கு அது ஓர் அடையாளம். மனநோய் தீர மக்கள் நாடிவரும் குணசீலம் பெருமாள் கோயிலில், இன்று கோயிலோடு சேர்ந்தே மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். அங்கே தீர்த்தமும் மாத்திரையும் சண்டை போடவில்லை.

ஆனால் நம் பக்கம் சிலர், "மாத்திரையை நிறுத்து, சாமி பார்த்துக்கும்" என்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். திடீரென்று மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி, முன்பைவிட மோசமாகலாம். நேர்த்திக்கடன் செலுத்துங்கள், விபூதி பூசுங்கள், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுங்கள். மாற்ற வேண்டுமென்றால் அதை மருத்துவர் சொல்லட்டும்.

நம் இளைஞர் பகுதி செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், அந்த ஒருவரை மட்டும் மேல்மாடி அறையில் மறைத்து வைக்கிற வீடுகள் உண்டு. "அண்ணன் எங்கே ஆன்ட்டி, நான் போய்ப் பார்க்கலாமா?" என்று நீங்கள் கேளுங்கள். உழவாரப் பணிக்குக் கூப்பிடுங்கள், கோலத்துக்குக் கூப்பிடுங்கள். நண்பன் யாராவது "வாழவே பிடிக்கலை" என்று சொன்னால், அறிவுரை சொல்லாமல் முதலில் கேளுங்கள். அவனைத் தனியாக விடாமல் அரசாங்கக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்த்த சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. உதவி கேட்க இனி அந்தப் பயம் வேண்டாம்.

திருவள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தில் வைத்தியத்துக்கு நான்கு கூறு சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். முதல் மூன்றும் தம்போயில் இருக்கின்றன. நான்காவது ஆளை எந்த மருத்துவமனையாலும் தயாரித்துத் தர முடியாது. அந்த இடத்துக்கு நம்மில் ஒருவர் போக வேண்டும். இந்த வாரமே அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

திருச்சிற்றம்பலம்.