இருபத்தொன்பது இலக்கங்கள்

மனிதப் பிறவியின் அருமையை நாள்தோறும் பேசும் நாம், அப்பிறவி எய்திய உயிர்கள் எத்துணை என்று கேட்பதில்லை. நம் ஆகம மரபோ அதற்கும் ஓர் எண்ணைக் கூறுகிறது. பரியாப்தி நிறைந்த மனிதரின் தொகை 79228162514264337593543950336, இருபத்தொன்பது இலக்கங்கள்.

மனம்போனபடி எழுதிய எண்ணன்று இது. இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. பின்னர் 256, 65536 எனச் சென்று ஐந்தாம் வர்க்கம் 4294967296 ஆகும். அதனை ஆறாம் வர்க்கத்தால் பெருக்கினால் இத்தொகை கிட்டும். இதனைப் பாதி பாதியாக்கிச் சென்றால் சரியாக 96ஆம் முறையில் ஒன்று எஞ்சும். இம்முறைகளின் எண்ணிக்கையே அர்த்தச்சேதம். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று நம் பிள்ளைகள் கல்லூரியில் படிப்பது இதுவே. இரண்டைத் தவிர வேறு பகா எண் எதுவும் இதனை வகுக்காது. தன்னை நீக்கி ஏனைய வகுஎண்களைக் கூட்டினால் தன்னினும் ஒன்றே குறையும். இத்துணைப் பெரிதாயினும் இது சங்கியாதத்தில், அதுவும் மத்திமத்தில் அடங்குமேயன்றி, அசங்கியாதத்தின் வாயிலையும் எட்டாது.

சுவாத்தியாய வகுப்பொன்றில் இதனை நாம் விளக்கியபோது ஓர் இளைஞர் எழுந்தார். "உலக மக்கள் 2022ஆம் ஆண்டில்தானே 800 கோடியை எட்டினர்? இத்தொகையினரை நிலத்திலும் கடலிலுமாக நிறுத்தினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பதினைந்து கோடிப் பேர் நிற்க வேண்டுமே, ஐயா!" என்றார். மனித க்ஷேத்திரம் நாம் காணும் நிலமளவன்று, அதன் விட்டம் 45 லட்சம் யோசனை என்று மறுமொழி கூறினோம். அத்துடன் நின்றிருக்கலாம். ஐயுறுதல் நற்காட்சிக்கு மாசு என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். அவர் தலைகுனிந்து அமர்ந்தார், மறுவாரம் வரவில்லை.

நாம் சொன்னது முறைதானா? கி.பி. 816இல் தவளா உரையை நிறைவு செய்த வீரசேன ஆச்சாரியர் முன்பும் இவ்வெண் வந்து நின்றது. அவர் அந்த 45 லட்சம் யோசனையையே எடுத்துக்கொண்டு பரப்பைக் கணக்கிட்டார். அத்தனை மனிதர் அதனுள் அடங்கார் என்று கண்டு, அவ்வெண் பொருந்தாது என எழுதினார். நாம் இளைஞருக்குக் கேடயமாகப் பிடித்த அளவே ஆச்சாரியர் கையில் துலாக்கோலாயிற்று! ஐயமின்மை நற்காட்சியின் முதல் அங்கம் என்பதை அவர் அறியாதவரா? அளந்து பார்த்தலை அவர் ஐயமென்று கருதவில்லை, நாம்தான் கருதினோம். உண்மையில், விடை அறியாத நாணத்தை மறைக்கவே அன்று அச்சொல்லை எடுத்தோம்.

பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரத்தில் இதே எண்ணை எழுத்துக் குறிகளில் பொதிந்து பாடி வைத்தார். நாம் இரு நூல்களையும் ஒரே பீடத்தில் வைத்து வணங்குகிறோம்.

சென்ற ஞாயிறு அவ்விளைஞர் இல்லத்திற்கு நாமே சென்று தவளாவின் அப்பகுதியைக் காட்டினோம். அவர் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து வந்து, யோசனைக்கு எத்தனை முழம் என்று கேட்டார்.