கட்டளையும் நிய்யத்தும்

மனிதனின் செயலை எதனைக் கொண்டு அளப்பது? அவன் நெஞ்சில் கொண்ட நிய்யத்தைக் கொண்டா, அவன் கையால் விளைந்த விளைவைக் கொண்டா? நிய்யத்து நல்லதாயிருப்பின் குற்றம் குறையும் என்பதை நாம் அனைவரும் ஒப்புவோம். ஆனால், நன்மையை நாடி ஒருவன் இட்ட கட்டளை, அவனுடைய அறியாமையால் பிறர் பொருளை அழித்துவிடுமாயின், 'நான் அறியேன்' என்னும் விடை அவனைக் காக்குமா? இவ்வினாவை நான் கிதாபுகளில் படித்திருக்கிறேன், படித்தும் கொடுத்திருக்கிறேன். ஆயினும் அதன் கூர்மையை எனக்கு உணர்த்தியது ஒரு கணினியே.

என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் தம்முடைய மடிக்கணினியைச் சென்ற ஆண்டு எனக்கு அன்பளிப்பாகத் தந்தார். அதில் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் ஆக்கத் தொடங்கிய யூனிக்ஸ்தான் இதன் முன்னோடி. யூனிக்ஸைப் போன்றதொரு கட்டற்ற இயங்குதளத்தைப் படைக்கப் போவதாக 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை எழுதி வெளியிட்டார். அதனை எவரும் பெறலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். கற்றதை மறைக்காமல் கொடுக்கும் அப்பண்பு ஓர் ஆசிரியனாகிய என்னைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

கரிய சாளரம் ஒன்றில் எழுத்தால் கட்டளையிடுவதே முதற்பாடம். நிற்கும் இடத்தை அறிய 'பிடபிள்யூடி', அங்குள்ளவற்றைப் பார்க்க 'எல்எஸ்', ஒரு கட்டளையின் விளக்கத்தைப் படிக்க 'மேன்', கோப்பை நீக்க 'ஆர்எம்' எனச் சில சொற்களை மாணவர் கற்பித்தார். ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் அங்கே வெவ்வேறாம். சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டாம். சொன்னதைச் செய்து முடித்தால் கணினி பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. பிழை நேர்ந்தால் மட்டுமே பேசும்.

இவை எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. அறபு இலக்கணம் தொடங்கும் பிள்ளைக்கு 'ளரப ஸைதுன் அம்ரன்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். 'ஸைது அம்ரை அடித்தான்' என்பது பொருள். அதையே 'ஸைதன் அம்ருன்' என்று பிள்ளை மாற்றி ஓதிவிட்டால், அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிள்ளை பிழையாக ஓதினால் உஸ்தாது முகம் பார்த்து, 'நீ கருதியது இதுவா?' என்று கேட்பார். கணினி முகம் பார்ப்பதில்லை.

எங்கள் தெருவில் வயது முதிர்ந்த மாமி ஒருவர் இருக்கிறார். அவருடைய தாயார் அறபுத்தமிழில் எழுதி வைத்த பாட்டுக் குறிப்பேடு ஒன்றை என்னிடம் ஒப்படைத்து, இக்காலப் பிள்ளைகள் படிக்கும்படித் தமிழெழுத்தில் ஆக்கித் தருமாறு கேட்டார். மங்கிப்போன இரண்டு பக்கங்களை மாமி தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். மூன்று திங்களில் 42 பக்கங்கள் முடிந்தன. குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மாமி அதைப் பினாங்கிலுள்ள தம் மகளுக்கு அனுப்பிவிட்டார்.

பக்கத்துக்கு ஒரு கோப்பாக இருந்த அத்தொகுதியில், திருத்தத்துக்கு முந்தைய படிகளும் 'பேக்' என்னும் ஈற்றுடன் கிடந்தன. அவற்றை மட்டும் நீக்கித் தூய்மை செய்ய எண்ணினேன். 'ஆர்எம்' என்றெழுதி, 'எப்பெயராயினும்' என்று பொருள்படும் விண்மீன் குறியை இட்டு, அதனையொட்டிப் புள்ளியும் 'பேக்' என்னும் ஈறும் எழுத வேண்டும். நானோ குறிக்கும் புள்ளிக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். 'எல்லாவற்றையும் நீக்கு, பேக் என்பதையும் நீக்கு' என்று கணினி பொருள் கொண்டது. அனைத்தையும் நீக்கிவிட்டு, புள்ளி பேக் என்னும் பெயரில் ஒரு கோப்பும் இல்லை என்று மட்டும் அறிவித்தது. அழிந்த உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாணவர் ஓடி வந்து முயன்றார், எதுவும் மீளவில்லை.

அன்றிரவு நான் மூவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன்.

முதலாவது கணினி. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை வெட்டியவனுக்கும், அதில் விழுந்தவன் விஷயத்தில் பொறுப்புண்டு அன்றோ? இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சுவர் இல்லாமல் இல்லை. 'ஆர்எம்' என்பதோடு ஒரு சிறு குறியைச் சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் 'நீக்கவா?' என்று அது கேட்கும். படம் பார்த்துச் சொடுக்கும் முறையில் நீக்கினால் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கும். மேலும், இதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை என்பதை லினக்ஸின் உரிமப் பத்திரமே ஒளிவின்றிச் சொல்கிறது. நான்தான் படிக்கவில்லை.

இரண்டாவது, கற்பித்த மாணவர். நீக்கும் வழியைச் சொன்னவர், கேட்டு நீக்கும் வழியை முதலில் சொல்லியிருக்கலாம். ஆயினும் முப்பதாண்டு கற்பித்த நான் அவரைக் குறைகூற நாணினேன். விதியை மனனம் செய்வித்து, வழுக்கும் இடத்தைச் சுட்டாமல் விட்ட பாடங்கள் என்னிடமும் உண்டு.

மூன்றாவது நான். இங்குதான் எனக்கொரு தெளிவு பிறந்தது. யூனிக்ஸ் வழிவந்த தளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர், குழுவினர், பிறர் என்று மூவகையினரை வகுத்து, படிக்கவும் எழுதவும் இயக்கவும் யாருக்கு இஜாஸத்து உண்டென்று குறித்து வைக்கிறார்கள். அதனால் புதியவன் எத்தனை பிழை செய்தாலும், 'ரூட்' என்னும் முழு அதிகாரத்தைக் கையில் எடுக்காதவரை, பெரும்பாலும் தன் வீட்டைத்தான் இடிப்பான். பிறர் வீட்டை அன்று. ஆழ்ந்த ஏற்பாடே. ஆனால் மாமியின் பாட்டுகள் யாருடையவை? என் கையால் எழுதப்பட்டமையால் அவை என் உடைமை என்றே கணினி குறித்திருந்தது. எந்த இயந்திரத்தின் பதிவேட்டிலும் அமானிதம் என்றொரு வகை இல்லை. கையிலிருப்பது நம்முடையதா, நம்பி ஒப்படைக்கப்பட்டதா என்பதை அறிந்தவன் மனிதன் ஒருவனே. அக்காவலை இயந்திரத்திடம் விட்டது என் பிழை.

மறுநாள் மாமியிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்றும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா, தம்பி?" என்றவர், சற்றுப் பொறுத்து, "அதுக்கு வேறே நகல் எதுவும் எடுத்து வைக்கலியா?" என்று மட்டும் கேட்டார். இருந்த பழைய படிகளையும் அதே பெட்டியில் அல்லவா வைத்திருந்தேன்! விடை சொல்ல இயலவில்லை.

அறியாமை குற்றமன்று, தொடங்குகிறவன் அறியாதவனாகத்தான் இருப்பான். தான் அறியாதவன் என்று அறிந்திருந்தும், அறிந்தவனைப் போல் கட்டளையிடுவதே குற்றம். நல்ல நிய்யத்து என்பது நெஞ்சில் மட்டும் இருப்பதன்று; அது நம்மை எச்சரிக்கையாக நடக்கச் செய்ய வேண்டும். எச்சரிக்கை பிறப்பிக்காத நிய்யத்து வெறும் ஆசையே.

ஆகவே புதிதாய்த் தொடங்கும் அன்பர்களுக்குச் சொல்வேன்: தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். கட்டளைக்கு முன் நிற்கும் இடத்தை அறியுங்கள். நீக்க நினைப்பதை அதே குறியிட்டு 'எல்எஸ்' கொண்டு முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமானிதத்துக்கு வேறோர் இடத்தில் நகல் வையுங்கள். ஐம்பது கடந்தவராயினும் சிறியவரிடம் கேட்க நாணாதீர்கள்.

பினாங்கிலிருந்து குறிப்பேட்டின் நிழற்படங்கள் வந்துவிட்டன. மீண்டும் எழுதி வருகிறேன். மங்கிய அந்த இரு பக்கங்களில் சில அடிகள் மட்டும் மாமிக்கு இப்பொழுது நினைவுக்கு வரவில்லை. அவ்விடங்களை வெற்றிடமாகவே விட்டிருக்கிறேன்.