தேய்ந்த எட்டும் சிப்பி வெள்ளியும்

ராணி காசு கைக்கு வந்தால் முதலில் ஆண்டைப் பார்க்க மாட்டேன், தலையைப் பார்ப்பேன். கிரீடம் இல்லாத விக்டோரியா, பின்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் என்றால் அது 1840. இலக்கம் ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் 1840தான். அந்தத் தலையோடு கம்பெனி அடித்த ஒரு ரூபாயில் வேறு ஆண்டே கிடையாது. ராணியின் பெயர் தலையைச் சுற்றி ஒரே ஓட்டமாக இருந்தால் முந்தைய அச்சு. இரு பக்கமும் பிரிந்து நின்றால் பிந்தையது.

சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் எங்கள் வெள்ளிக் கடைக்கு இந்தக் காசுகள் முழுசாக வருவதில்லை. மாலை கோக்க ஓட்டை போட்டவை, கொக்கி பற்றவைத்தவை, திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்து ராணிக்கு மூக்கே இல்லாமல் போனவை. அச்சிலிருந்து வந்தபோது ஒரு தோலா, 11.66 கிராம். தேய்மானம் போக எடை பார்த்து விலை சொல்வது எளிது. “இது எந்த வருசத்துதுப்பா?” என்று ஆயா ஒருவர் கேட்கும்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. மாமியார் கழற்றிக் கொடுத்த காசு அது. ஆண்டு தெரிந்தால் குடும்பத்தில் யார் கழுத்தில் முதலில் ஏறியது என்று கணக்குப் போட்டுவிடுவார்.

அவர் கொண்டுவந்தது ‘எம்பிரஸ்’ காசு, அதாவது 1877-க்குப் பிறகு வந்த வகை. 188 வரை தெளிவு. கடைசி இலக்கம் மூன்றா, எட்டா? 1883-லும் அடித்தார்கள், 1888-லும் அடித்தார்கள். எட்டின் இடப்பக்கம் மழுங்கினால் மூன்றாகத்தான் தெரியும். இந்த நிலையில் காசைத் தேய்க்கவே கூடாது. விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காசைச் சாய்த்து, மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு கோணத்தில் மூன்று. இன்னும் கொஞ்சம் திருப்பினால் இடப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு மேடு நிழல் காட்டும், உடனே மறையும்.

அது எட்டேதான் என்றால், நான் கண்ட மூன்று பொய்யா?

இங்கிருந்து ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே அவதரித்த உடையவர் ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இந்தக் கேள்வியைச் சிப்பியை வைத்துத் தீர்க்கிறார். கிளிஞ்சலில் வெள்ளி தெரிகிறது. உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல முடியாத தோற்றம் அது என்பது அத்வைதிகளின் பக்கம். ராமானுஜர் அதை ஏற்கவில்லை. பொருள்கள் எல்லாம் பூதங்களின் கலப்பு. சிப்பியிலும் வெள்ளியின் அம்சம் கொஞ்சம் உண்டு. கண் கண்டது அதைத்தான் என்கிறார். சோமக் கொடி கிடைக்காதபோது பூதீகத்தைக் கொள்ளலாம் என்று வேதம் விதிப்பதும் அதில் சோமத்தின் அம்சம் இருப்பதால்தான் என்று சான்று காட்டுகிறார். அப்படியானால் தவறு என்பதே இல்லையா? உண்டு. சிப்பியின் பங்கு அதிகம், வெள்ளியின் பங்கு சொற்பம். அதிகமானதை வைத்தே பெயரும் புழக்கமும். சொற்பத்தைக் கண்டு, மிகுதியைக் காணாமல் விட்டதுதான் மயக்கம்.

என் மேஜையில் இது அப்படியே பொருந்துகிறது. மூன்றின் கோடுகள் அனைத்தும் அந்தக் காசில் இருக்கின்றன, நானாகக் கற்பித்தது ஒன்றுமில்லை. குறை, பாதியை முழுசென்று கொண்டதில்தான். எங்கள் ஊர் நரசிம்மரைச் சேவித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலையைக் குடைந்த கருவறையில், திருநாமத்தை விலக்கி அர்ச்சகர் தீபம் காட்டும்போதுதான் நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். அதற்கு முன் இரண்டு கண்ணைக் கண்டவர் பொய்யைக் காணவில்லை.

எண் தெளிவாக இருந்தும் கேள்வி தீராத காசுகளும் உண்டு. 1862 என்று போட்ட ரூபாயை 1874 வரை அதே ஆண்டோடு அடித்தார்கள். பம்பாய் அச்சில் மேலும் கீழும் இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் உள் வகை பிரிக்க வேண்டும். தேய்ந்த காசில் முதலில் போவது அந்தப் புள்ளிதான். ஆற்காட்டு ரூபாய் இன்னும் விசித்திரம். முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் கொல்லப்பட்டார். 19-ஆம் நூற்றாண்டில்கூட கம்பெனியின் சென்னைக் காசு அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்பதையும் தாங்கி வந்தது. வங்காளத்தில் வேறொரு முகலாய அரசரின் ஆட்சியாண்டு 19 என்றே நிறுத்தினார்கள். பழைய ஆண்டுக் காசுக்குக் காசு மாற்றும் சராப்புகள் வட்டம் பிடித்ததுதான் அதற்குக் காரணம். இந்த ஆண்டுகளைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று அடித்தது என்று அந்த எண் சொல்லவே இல்லை; முந்தையதும் இதுவும் ஒரே தரம் என்று சொல்கிறது. வேறொன்றைக் கேட்டது நாம்.

ஆனால் ஆயாவுக்கு நான் சொல்வது புழக்கத்துக்கு உரியது. 1888 என்று அடித்துச் சொன்னால் சந்தோஷப்படுவார், பேத்தியிடமும் அப்படியே சொல்வார்.

“188 வரைக்கும் நிச்சயம், ஆயா. கடைசி எண்ணு பாதிதான் தெரியுது. எட்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.”

“அப்படியே எழுதிக் குடுப்பா.”

சீட்டில் எழுதினேன்: எம்பிரஸ் ஒரு ரூபாய், 188–, கடைசி இலக்கத்தின் வலப்பாதி மட்டும் தெளிவு, இடப்பக்கம் மேடு இருப்பதாகத் தெரிகிறது, கொக்கி பற்றவைத்த தழும்பு உண்டு.